பொலித்தீன் அண்ணன் அடைத்துக் கொடுத்த பொட்டலம்

இரத்தினபுரி மாவட்டத்தில் மழையை எதிர்த்து நின்று ஜெயித்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பொலித்தீன் அண்ணன். மற்ற எல்லோரும் மழையிடம் தோற்றவர்கள். தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவே ஒழுகியது என்றால், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் கலவானைப் பக்கத்தில் மழை வந்ததா என்று யாரும் கேட்பதில்லை, விட்டதா என்றுதான் கேட்பார்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. இளவயதில் கொழும்புக்குப் போய், பொலித்தீன் பை செய்யும் இடத்தில் ஆறு மாதம் வேலை பார்த்தார். கொழும்புக்குப் போன மற்றவர்கள் ரேடியோவோடு திரும்பினார்கள், சிலர் பெண்டாட்டியோடு திரும்பினார்கள். இவர் தோளில் ஒரு பொலித்தீன் சுருளோடு வந்து இறங்கினார். அப்புறம் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சாக்கில் அடைக்கும் வேலை கிடைத்தது. கோயில் பூசை கிடைத்த பூசாரிக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

"தேயிலைத் தூளுக்குப் பெரிய எதிரி யாரு, சொல்லு பாப்போம்?" என்று என்னைக் கேட்பார்.

"தொரைங்களா அண்ணே?"

"அடி போடி! ஈரம். சாக்குக்கு உள்ள இந்த ஒறையப் போட்டமா, ஈரம் உள்ள வராது, வாசம் வெளிய போகாது. பாரம் கெடையாது. உள்ள இருக்கிறது அப்படியே வெளிய தெரியும். இத்தனை நல்ல கொணம் உள்ள மாப்பிள்ளை ஒனக்குக் கெடைப்பானா?"

(கிடைக்கவில்லை. அது வேறு கதை.)

அவருடைய ஆயுதங்கள் இரண்டு. ஒரு மெழுகுவர்த்தி, இரும்பு அறுக்கிற பிளேடில் உடைந்த பாதி. பொலித்தீனின் வாயைப் பிளேடின் மேல் மடித்து, விளிம்பைச் சுடரின் ஓரமாக ஒரே இழுப்பில் இழுப்பார். தையல் போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். உப்பு, நெருப்புப்பெட்டி, திருநீறு, கல்யாணப் பத்திரிகை என்று அகப்பட்டதையெல்லாம் அடைத்தார். ரேடியோவை அடைத்து, பைக்கு வெளியிலிருந்தே திருகிச் செய்தி கேட்டார். எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் குடையை அடைத்து வைத்திருந்தார். கொட்டுகிற மழையில் அந்தக் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி நடந்து வருவார். கேட்டால், "கம்பி துருப்புடிச்சிடும் தங்கச்சி" என்பார்.

சறுக்காமலும் இல்லை. ஒரு கோயில் திருவிழாவுக்குச் சுட்ட வடையை, வாசம் போய்விடக் கூடாது என்று சட்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு அடைத்துவிட்டார். இரண்டாம் நாள் பார்த்தால் பைக்குள் வியர்த்து, வடைக்குப் பச்சையாக மீசை முளைத்திருந்தது. லயமே கூடித் திட்டியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வடையைத் தூக்கிப் பிடித்து ஆராய்ந்து, "பொலித்தீன் மேல குத்தம் இல்ல. ஈரத்த உள்ள வச்சு அடைச்சா, அது வெளிய போக வழியில்லாம உள்ளேயே பூத்துடும். தப்பு நம்மளது" என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முதல் எதையும் ஆறவைத்து, காயவைத்து, மோந்து பார்த்துத்தான் அடைத்தார்.

ஒருமுறை பொலித்தீனின் தீமைகளைப் பற்றிப் பேச நகரத்திலிருந்து ஓர் ஐயா வந்தார். எங்களை மைதானத்தில் உட்கார வைத்து, "இது மண்ணில் மக்காது. நூறு வருடமானாலும் அப்படியே கிடக்கும்" என்று பயமுறுத்தினார்.

பொலித்தீன் அண்ணன் எழுந்து கைகட்டி நின்றார். "ஐயா, நூறு வருசம் தாங்குற மாதிரி எங்ககிட்ட வேற என்னாங்க இருக்கு?"

ஐயா பதில் யோசிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பேச்சு எழுதிய தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் ஓட, அண்ணன் பின்னாலேயே ஓடி ஒரு பையை நீட்டினார். ஐயா வாங்கிக்கொண்டார். ஒன்று சொல்ல வேண்டும், அண்ணன் ஒரு பொலித்தீனையும் மண்ணில் வீசியவர் அல்ல. கழுவி, கொடியில் வேட்டிக்குப் பக்கத்தில் காயப்போடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தபோது, ஆசிரியர் நியமனத்துக்கு இரத்தினபுரியில் நேர்முகப் பரீட்சை என்று கடிதம் வந்தது. பிறப்புச் சான்றிதழும் பரீட்சைச் சான்றிதழ்களும் மூலப்பிரதியாகக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் வர வேண்டாம் என்று போட்டிருந்தது. அந்தப் பிறப்புச் சான்றிதழில் என் பெயரைச் சரியாக எழுதவைக்க அப்பா அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்து செருப்புத் தேய்ந்தவர். அது கெட்டுப்போனால் எனக்கு வேலை இல்லை, கொழுந்து பறிக்கிற கூடைதான். கூடை கேவலம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் முதுகைப் பார்த்து வளர்ந்தவள், எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். வெளியே ஐந்து நாளாக அடைமழை.

பேப்பர்களை வாங்கிய அண்ணன் மோந்து பார்த்தார். "இது வேர்க்கும்" என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், தேயிலை காயும் டிரையருக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க வைத்துக் காவல் காத்தார். பிறகு பெயர் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறை போட்டார். கடைசி உறையை ஒட்டுவதற்கு முன்னால் வாயால் ஊதிக் காற்றை நிரப்பினார்.

"என்னாண்ணே, சான்றிதழா, பலூனா?"

"நீ படிச்சவ. நான் அடைக்கிறவன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்."

நேர்முகத்தன்று அவரும் கூடவே வந்தார். எனக்குத் துணை என்று நினைத்தேன். பொட்டலத்துக்குத் துணை. அது யுத்தக் காலம், வழியில் சோதனைச் சாவடியில் எல்லோருடைய பைகளையும் கொட்டிக் கிளறினார்கள். என் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்த ஆமிக்காரர் அப்படியே திருப்பித் தந்தார். "பாத்தியா? தெரியுதுல்ல!" என்று அண்ணன் என் விலாவில் இடித்தார்.

டவுனுக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. வீதியை ஆற்றுத் தண்ணீர் மூடியிருந்தது, ஆட்களைத் தோணியில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். தோணியில் கால் வைக்கும்போது எனக்கு வழுக்கியது. அண்ணன் என் கையைப் பிடித்தார். பொட்டலத்தை யாரும் பிடிக்கவில்லை.

"ஐயோ! அண்ணே! என் சட்டிபிகேட்!"

அது போனது. முங்கவில்லை. வாத்துபோல் தலையை நிமிர்த்திக்கொண்டு, ஓரத்துத் தண்ணீரில் மிதந்து போனது. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறேன். இந்த மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, தோணியில் இருந்தவர்களிடம் சொல்கிறார்: "பாருங்க, பாருங்க! எப்படி மெதக்குது! அதுக்குத்தான் ஊதினேன்!"

அன்று அவரைத் தண்ணீரில் தள்ளிவிடாதது நான் செய்த பெரிய புண்ணியம்.

கொஞ்ச தூரம் கீழே, மாணிக்கக் குழியில் வேலை செய்கிற சிங்களவர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். பொட்டலம் நேராக அவரிடம் போனது. தூக்கிப் பார்த்தார், உறைக்குள்ளிருந்த சிங்கள எழுத்தை வாசித்தார், கரையைப் பார்த்துக் கத்தினார்: "கவுத மே விஜயலச்சுமி?"

யார் இந்த விஜயலட்சுமி என்று ஊருக்கே கேட்கும்படி ஒருவர் கேட்டதும், நான் பள்ளிக்கூடத்தில்போல இரண்டு கையையும் உயர்த்தினேன்.

நேர்முக அறையில் மூன்று பெரியவர்கள். எனக்கு முன்னால் போன பெண்ணின் சான்றிதழில் மை கரைந்து ஊதா ஆறாக ஓடியிருந்தது. வேறொரு நாள் வரச் சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள், பாவம், அழுதுகொண்டே போனாள். நான் பொட்டலத்தை மேசையில் வைத்தேன். அறையே அதைப் பார்த்தது. பியோன் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். முதல் உறையைப் பிரித்தால் இரண்டாவது, இரண்டாவதைப் பிரித்தால் மூன்றாவது. மூன்றாவதும் திறந்தபோது பேப்பர்கள் அப்பளம்போல் மொறமொறவென்று வெளியே வந்தன. நடுவில் இருந்த ஐயா பிறப்புச் சான்றிதழை மூக்கருகே கொண்டுபோனார்.

"தே சுவந்தை, நே?" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். தேயிலை வாசம்! பிறகு என்னைப் பார்த்து, "இதைக் கட்டினது யார்?" என்று தமிழில் கேட்டார்.

"எங்க அண்ணன், சேர்" என்றேன். அதுவரை அவரை அப்படி, 'பொலித்தீன்' சேர்க்காமல், யாரிடமும் சொன்னதில்லை.

சில மாதம் கழித்து நியமனக் கடிதம் வந்தது. அம்மாவிடம் காட்டிய கையோடு அவரிடம்தான் ஓடினேன். மெழுகுவர்த்தியை ஏற்றி, பாதிப் பிளேடைத் துடைத்து, உறையை ஊதித் திறந்து தயாராக உட்கார்ந்தார். கடிதத்தை வாங்கியவர் திருப்பிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு, கையெழுத்துக்குப் பக்கத்திலேயே விழுந்திருந்தது.

"மொதல்ல நல்லா அழுது முடிம்மா" என்றார். "ஈரத்தோட அடைச்சா பூத்துடும்."

நான் முடிக்க வெகுநேரமானது. அவர் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, கடிதத்தை என் கைக்கு எட்டாமல் தூக்கிப் பிடித்தபடி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.