கட்டைவிரல் சிஸ்டரும் கொழுகொழு பையனும்

இந்தக் கொங்குச் சீமையில் குழந்தையைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சாத ஒரே ஜீவன் எங்கள் கட்டைவிரல் சிஸ்டர்தான். அவர் நேரே காலுக்குப் போய்விடுவார். புறங்காலில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு விரலை எடுப்பார். குழி விழுந்து அப்படியே நின்றால் அது சதையில்லை, சத்துக்குறைவில் கோத்த நீர். சங்கதி அவ்வளவுதான். ஆனால் அதை அவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தைக்கும் செய்வார். ஒருமுறை பள்ளிபாளையம் பஸ்ஸில் கொலுசுத் திருடி என்று பிடித்து ஸ்டேஷன் வரை கொண்டுபோய்விட்டார்கள். அங்கே வந்திருந்த ஏட்டையாவின் குழந்தை காலையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சிஸ்டர் திரும்பினார்.

சிஸ்டர் நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளுநர். நோஞ்சான் பிள்ளைகளைப் பற்றி எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. டாக்டருக்கு அது வியாதியே இல்லை. காய்ச்சல், சளி, பேதிதான் வியாதி. மற்ற நர்சுகளுக்கு அது தாய்மாரின் அசட்டை. எனக்கு அது ஒரு பாட்டில் டானிக். "வம்சவாகுங்க சிஸ்டர், அப்பனும் ஒல்லிதானுங்களே" என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"அப்பனுக்குச் சின்னதுல யாருங்க வயிறாரச் சோறு போட்டாங்க? அதையும் விசாரிச்சுட்டு வந்து வம்சம் பேசுங்க" என்று கவுண்ட்டரிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அப்போதுதான் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் ஒரு தம்பதியின் பையன் பேதியோடு வந்து சேர்ந்தான். இரண்டு வயது. உப்பிய கன்னம், பன் மாதிரி பாதம், வயதுக்குச் சரியான எடை. நாலு நாளில் பேதி நின்றது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். லீவு முடிந்து அன்றைக்குத்தான் வந்த சிஸ்டர், வந்ததும் காலை அழுத்தினார். விழுந்த குழியில் ஒரு புளியங்கொட்டையை வைக்கலாம்.

"இவன அனுப்ப முடியாதுங்க சார்."

"சிஸ்டர், எடை சரியா இருக்குது. வெளிய ரெண்டு குழந்தைங்க பெட்டுக்குக் காத்துட்டு இருக்குது."

"அந்த எடைல தண்ணி எத்தன, பையன் எத்தனன்னு தெரியுமுங்களா? ஊட்டுக்கு அனுப்புனா அடுத்த பேதிய இவன் தாங்கமாட்டானுங்க. அப்பிடியும் அனுப்பறதுன்னா, உங்க வெரல வெச்சுப் பாத்துட்டு அனுப்புங்க."

வார்டே வேடிக்கை பார்த்தது. டாக்டர் குனிந்து அழுத்தினார். குழி அப்படியே நின்றது. "நான் காலையே பாக்கலீங்க சிஸ்டர்" என்று சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

அதற்குப் பிறகு சிஸ்டரின் ராஜ்ஜியம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அளந்து காய்ச்சிய பால், கொஞ்சமே கொஞ்சம். பையனின் மாமன் ஆசையாகப் பரோட்டா பார்சல் கொண்டுவந்தார். "காஞ்ச ஒடம்புல ஒரேயடியா இதையெல்லாம் கொட்டுனா நெஞ்சே நின்னுருஞ் சாமி!" என்று சிஸ்டர் பிடுங்கிக்கொண்டார். அந்த வாரம் எங்கள் வாட்ச்மேன் நன்றாகச் சாப்பிட்டார்.

ஆனால் பையனின் எடை ஏறவில்லை. தினமும் இறங்கியது. "சத்து சத்துன்னு கத்தற சிஸ்டர், வந்த புள்ளையவும் இளைக்க வெச்சுட்டாங்க" என்று வார்டில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன், மறைப்பானேன்? ஐந்தாம் நாள் கன்னம் வற்றி, விலா எலும்பு தெரிந்தது. அப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேர்த்த அன்றைக்குச் செல்போனில் எடுத்த படத்தை நீட்டினார்.

"எப்படிக் கொண்டாந்தமுங்க, எப்படி ஆக்கி வெச்சிருக்கறீங்க! நாங்க போறமுங்க."

சிஸ்டர் வாசலை மறித்து நின்றார். "தண்ணி வடிஞ்சிருக்குதுங்க. இப்பத்தான் உங்க பையனோட நெச ஒடம்பு தெரியுது. நீங்க தெனமும் லாரி லாரியா முட்டை ஏத்தி அனுப்பறீங்க. அந்த ஊட்டுப் பையன் சத்தில்லாமக் கெடக்கறது உங்க தப்பில்லீங்க, எங்க எல்லாத்தோட தப்புங்க. நாளைக்கு வரைக்கும் இருங்க. அப்பவும் போறதுன்னா என்னையத் தாண்டிப் போங்க."

அவரைத் தாண்டுவது லேசில்லை. அப்பன் பையை இறக்கி வைத்தார்.

மறுநாள் காலை பால் முடிந்ததும், அதுவரை சுவரையே பார்த்துக் கிடந்த பையன் டம்ளரைப் பிடுங்கிக் கவிழ்த்துப் பார்த்தான். பிறகு ஆஸ்பத்திரி அதிரக் கத்தினான். ஊசிக்குக்கூட அப்படி அழுததில்லை. அம்மா பதறினாள். சிஸ்டரோ, "அழுவட்டும் உடுங்க! பசின்னு அழுவறானுங்க!" என்று வார்டு வார்டாகச் சொல்லிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எடை ஏறியது. அவித்த முட்டையும் வந்தது.

வீட்டுக்குப் போகிற நாளில் சிஸ்டர் கடைசியாக ஒருமுறை அவன் காலை அழுத்தினார். குழி இல்லை. பையன் கட்டிலிலிருந்து சறுக்கி இறங்கினான். கீழே உட்கார்ந்து, தன் சுண்டைக்காய் விரலைச் சிஸ்டரின் புறங்காலில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான்.

குழி விழுந்தது. எழும்பவே இல்லை.

"நின்னு நின்னு வந்ததுடா சாமி" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் காலைப் பார்க்க டாக்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஒரு முக்காலி வாங்கிக் கொண்டுபோய் வார்டில் போட்டேன். உட்காருவார் என்று பார்த்தால், எடை மெஷினைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, "இப்பத்தானுங்க குனியாம எடை பாக்க முடியுது" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு முக்காலி வாங்கப் போனேன்.