சிவப்பு ஆகாது

முப்பத்தெட்டாவது விடைத்தாளில் கணக்கு வாத்தியாரின் இடக்கண் துடிக்க ஆரம்பித்தது. நாற்பதாவதில் பல்லும் நறநறத்தது.

"இப்படியே போனா துணைத் தலைமையாசிரியர் நாற்காலிக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக் கட்டில் வந்துடும். அந்த நிற வைத்தியர்கிட்ட ஒரு நடை போயிட்டு வாங்க" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பெண் பட்டியலைப் பிழையில்லாமல் கொடுத்தால்தான் அந்த நாற்காலி. போனார்.

வைத்தியருக்கு முப்பது வயதிருக்கும். மார்பு வரை தாடி. வாத்தியாரைக் கண்டதும் விருட்டென்று எழுந்து நின்றார். 'மரியாதை தெரிந்த பிள்ளை' என்று இவருக்கு உள்ளம் குளிர்ந்தது. ஊதா, மஞ்சள் என்று விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்ட வைத்தியர், இவர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"அதான் சார் உங்க நோய்க்கு மூலம்! இனி ஆயுசுக்கும் அதைத் தொடாதீங்க. பச்சைக்கு மாறுங்க, குளிர்ச்சி."

மறுநாள் பச்சை மையில் திருத்தினார். கண் துடிப்பு நின்றேவிட்டது. பதினோரு மணிக்குத் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"பச்சை மை இந்தப் பள்ளிக்கூடத்துல யாருக்கு?"

"உங்களுக்கு மட்டும்தான் சார்."

"துணைத் தலைமையே இன்னும் தரல. அதுக்குள்ள என் நாற்காலிக்குத் துண்டு போட்டாச்சா?"

இப்போது இரண்டு கண்ணும் துடித்தன. வைத்தியருக்குப் போன் போட்டார்.

"அப்ப நீலம் சார். வானம், கடல், அமைதி."

நீலத்தில் திருத்தி, வழக்கம்போலப் பிள்ளைகளிடம் பார்க்கக் கொடுத்தார். அவர்கள் பேனாவும் நீலம்தான். மத்தியானத்துக்குள் மூன்றெல்லாம் எட்டாகி, முப்பத்தைந்து வாங்கியவன் எண்பத்தைந்தோடு வந்து நின்றான். மறுபடியும் வைத்தியருக்குப் போன்.

"சாம்பல் சார்! பென்சில்ல எழுதுங்க. பற்றே இல்லாத நிறம்."

அன்று பள்ளி வாசல் கடையில் அழிரப்பர் தீர்ந்துபோனது. திரும்பி வந்த தாள்களில் வகுப்பு மொத்தமும் நூற்றுக்கு நூறு.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"துணைத் தலைமையை ஓவிய வாத்தியாருக்குக் கொடுத்துட்டேன். அவராவது எந்த நிறத்தை எங்க வைக்கணுமோ அங்க வைப்பார்."

வாத்தியார் நேரே வைத்தியர் வீட்டுக்குப் போனார். சிவப்புப் பேனாவை உருவி மூக்குக்கு நேரே நீட்டினார்.

"யோவ், இருபத்தஞ்சு வருஷமா இதுலதான்யா எழுதறேன்! இந்தச் சிவப்பு என்னை என்னய்யா பண்ணிச்சு?"

வைத்தியர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

"உங்களை ஒண்ணும் பண்ணல சார், என்னைத்தான். ஏழாம் வகுப்பு, கடைசி பெஞ்ச்... வருஷம் பூரா நீங்க எனக்குப் போட்ட முட்டை அத்தனையும் சிவப்பு!"