தோலோடு அரைத்தவர்

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடிப்பவர்கள் ஒரு ரகம். விளக்கவுரை முடித்துவிட்டுப் பிழிபவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் ரகத்துக்கு எலுமிச்சை ஆராய்ச்சியாளர் என்று பெயர் வைப்போம். உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். தெருவில் இல்லையென்றால் வீட்டுக்குள் தேடுங்கள்.

இவரால் புளிப்பை வெறும் புளிப்பாக விட முடியாது. சோற்றில் இரண்டு சொட்டு விழுந்தால் "சிட்ரிக் அமிலம்" என்பார். தோலைக் கீறியதும் கிளம்பும் வாசனைக்குக் காரணமான எண்ணெய்ப் பைகளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். ரசம் கொதிக்கும்போதே பிழிந்துவிட்டாலோ, வைட்டமின் சி செத்துப்போனதென்று துக்கம் விசாரிக்க வந்தவர் போல அடுப்படியில் நிற்பார். அந்த ரசத்தைச் சாப்பிடுவாரா? மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொள்வார்.

குடுமியான்மலைப் பக்கத்துக் குணசேகரன் இந்த ரகத்தில் முதல் தரம். அவருக்கு வாக்கப்பட்ட அமுதவல்லிக்கு அதனால் பிறந்த வீடே அற்றுப்போனது. பொங்கல் சீராக அவள் அண்ணன் பிச்சைமுத்து பஸ் மாறி மாறிச் சுமந்து வந்த கரும்புக்கட்டைப் பார்த்து, "வெறும் சர்க்கரைதானே மச்சான், சத்து ஏது?" என்று கேட்டார் மனிதர். ஜெகதாப்பட்டினம் திரும்பிய பிச்சைமுத்து அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எந்த ஆசாரி ஊசியை எடுப்பார்? அமுதவல்லி போனில் அழுதழுது அண்ணனை வரவழைத்தாள்.

"வெயில்ல வர்றாரு. ஜூஸ் மட்டும் போட்டு வைங்க. வாயத் தொறக்காதீங்க" என்றாள் புருஷனிடம்.

வாயைத் திறக்கவில்லை, மிக்சியைத் திறந்தார். பிழிந்தால் தோலின் சத்து குப்பைக்குப் போய்விடுமே! பழங்களைத் தோலும் விதையுமாகப் போட்டு அரைத்து, வடிகட்டி, சீனி கலந்து, ருசி பார்த்தார். அமிர்தம்! பிச்சைமுத்து வந்து சேர ஒரு மணி நேரமானது. அதற்குள் அமிர்தம் தன் வேலையைக் காட்டிவிட்டது.

ஒரு வாய் குடித்த பிச்சைமுத்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேப்பெண்ண குடுக்கத்தான் வரச் சொன்னியா ஆத்தா?" என்று தங்கையைக் கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"அது லிமோனின் மச்சான்! தோலும் வெதையும் அரபட்டா, கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் கசப்பு ஏறும்..."

"தெரிஞ்சுக்கிட்டேவா அரைச்சீங்க?" என்ற அமுதவல்லி ஜக்கோடு எடுத்து நீட்டினாள். "குடிங்க. சத்து வீணாப் போயிரக்கூடாதுல்ல?"

குணசேகரன் குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் முகம் ஒவ்வொரு திசைக்குக் கோணியது. வாசலில் நின்று பார்த்த பிச்சைமுத்துவுக்கு மீசை துடித்தது. கோபம் என்றுதான் அமுதவல்லி நினைத்தாள். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாப்ள, அடியில வண்டல் நிக்கிது பாருங்க. சத்தெல்லாம் அதுலதான்!" என்றபடி திரும்பி வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "புள்ளய இங்கிட்டுக் கொண்டா, ஆத்தா."

'விதையை மட்டும் எடுத்திருந்தால் இவ்வளவு கசந்திருக்காதே' என்று படிக்கும்போதே உங்கள் நாக்கு துறுதுறுத்ததா? நல்லது. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவசியம் வாருங்கள். அடுப்படிப் பக்கம் மட்டும் வராதீர்கள்.