தயக்க விசாரணைக் கமிட்டி

வெள்ளைக்காரன் இந்த நாட்டுக்குக் கொடுத்த பாக்கியங்களை அடுக்கும்போது ரயிலைச் சொல்கிறார்கள், தபாலைச் சொல்கிறார்கள், தந்தியைச் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் பெரிய பாக்கியமாகிய கமிட்டியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ரயில் தடம் புரளும். தபால் வழி தவறும். கமிட்டிக்கு அந்த ஆபத்தெல்லாம் கிடையாது. இருந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் அல்லவா தவறிப்போக?

இந்த மகத்தான உண்மை, மதுரைச் செல்லூரில் மோட்டார் ரிப்பேர் கொட்டகை வைத்திருந்த முத்திருளனுக்கு ஐம்பத்தெட்டு வயதுவரை தெரியாமல் இருந்தது. படிப்பு இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை. அதிகாரி யாராவது சிரித்துப் பேசினால் அவன் கை தானாக இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொள்ளும். அவனுக்கு இருந்த ஒரே சொத்து, கொட்டகைக் கதவில் அறைந்திருந்த ஒரு தகரத் தகடு: ‘அங்கீகாரம் பெற்ற மோட்டார் ஃபிட்டர், நெ. 7’. கொடுத்தது வடவட்டார சுகாதார போர்டு. அந்தத் தகடு இருந்தால்தான் பஸ் முதலாளிகள் வண்டியைக் கொட்டகைக்குள் விடுவார்கள். தகடு போனால் அடுப்பும் போகும்.

அந்த போர்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. பெரிய யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷன் இல்லாமல் மதுரைக்கு வந்த கிழட்டு வண்டி. கிராமங்களுக்கு, பிள்ளைகளுக்கு அம்மை குத்துவதற்கான அம்மைப்பால் பெட்டியைச் சுமந்து போவது அதன் உத்தியோகம். ஓட்டுவது இன்ஸ்பெக்டர் ஹாலாஸ்யம். “ஜெர்மன்காரன் பீரங்கிக்கே பயப்படாத வண்டி, ஓய்!” என்று சொல்லிக்கொண்டு, எதிரே எருமை வந்தால் இறங்கி நின்றுகொள்வார்.

முப்பத்தாறாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டிக்கு இருமல் கண்டது. முத்திருளன் பிரித்துப் பார்த்தான். என்ஜினுக்குள்ளே வால்வுகளை ஏற்றி இறக்குகிற கேம் தண்டு தேய்ந்து, அதன் புடைப்புகள் எல்லாம் சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தன. கொடைக்கானல் மலையில் ஒரு எஸ்டேட் துரையின் வண்டி பள்ளத்தில் விழுந்து கிடந்தது. அதே கம்பெனி, அதே மாடல். அதிலிருந்து தண்டைக் கழற்றிக் கொண்டுவரச் செய்து, பல்சக்கரத்தில் அடையாளப் புள்ளிக்குப் புள்ளி சேர்த்து மாட்டினான். தத்தனேரிச் சுடுகாடுவரை ஓட்டிப் போய் உயிரோடு திரும்பியும் வந்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி வண்டி சுகமாக ஓடியது.

மறுநாள் பூஜை. ஹாலாஸ்யம் சந்தனக் கிண்ணத்தோடு வண்டியை வலம் வந்தார். விளக்குக்கு ஒரு பொட்டு. சக்கரங்களுக்கு இரண்டு. பெட்ரோல் டாங்கின் மூடி மேலே பளபளவென்று இருந்தது. அதன் நட்டநடுவில் சின்னதாக ஒரு குழி.

“பாத்தேளா! பொட்டு வைக்கறதுக்குன்னே இடம் விட்டிருக்கான். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்!”

கட்டைவிரலால் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டார்.

பிறகு அலங்காநல்லூருக்குப் போகவேண்டிய பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு மைல் போனதும் வண்டி விக்கியது, முனகியது, நின்றது. மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது. மூடிவிட்டு உதைத்தார். ஓடியது. இன்னொரு மைலில் மறுபடியும் நின்றது. மறுபடியும் மூடியைத் திறந்து, பார்த்து, மூடி, உதைத்தார். ஐந்தாவது தடவை நின்ற இடத்தில் எருமை ஒன்று வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

‘வாகனம் தயங்குகிறது’ என்று எழுதிக் கொடுத்தார்.

ஹெட் கிளார்க் பிச்சுமணி ஃபைலைத் திறந்தார். “தயக்கம் யாருக்கு? வண்டிக்கா, ஓட்டறவாளுக்கா? இது தெளிவாகணும்.” தெளிவாக்க ஒரு கமிட்டி அமைந்தது. தலைவர், போர்டு பிரசிடெண்ட் விஸ்வேஸ்வரன், வக்கீல். அங்கத்தினர், ஹாலாஸ்யம். காரியதரிசி, பிச்சுமணி. மூவரில் ஒருவருக்கும் என்ஜினைப் பற்றி எதுவும் தெரியாது. ஆகவே பாரபட்சத்துக்கு இடமே இல்லை.

முதல் கூட்டத்தில் கமிட்டிக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு முத்திருளனை வரச்சொன்னார்கள்.

“தண்டு மாத்தறதுக்கு முன்னாடி தயக்கம் இருந்ததா?” என்றார் விஸ்வேஸ்வரன்.

“இருமல் இருந்துச்சு சாமி.”

“இருமல் வேறே, தயக்கம் வேறே. இருந்ததா, இல்லையா?”

“இல்லைங்க.”

“தண்டு மாத்தினப்பறம் தயக்கம். அப்போ?”

“மாட்டுன அன்னைக்கே தத்தனேரி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன் சாமி. ஒரு எடத்துல நிக்கலை.”

“பார்த்த சாட்சி உண்டா?”

“இருந்தாங்க. எல்லாரும் படுத்திருந்தாங்க.”

பிச்சுமணி ‘சாட்சிகள் ஒத்துழைக்கவில்லை’ என்று குறித்துக்கொண்டார். விஸ்வேஸ்வரன் கண்ணை மூடி யோசித்து ஒரு சித்தாந்தத்தை வெளியிட்டார். துரை வண்டியின் தண்டு மலைக்குளிரில் வளர்ந்தது. மதுரை வெயிலில் அது மனம் ஒட்டாமல் இருக்கிறது. ஹாலாஸ்யத்துக்கு வேறு சித்தாந்தம். செத்த வண்டியின் உறுப்பை உயிருள்ள வண்டிக்கு வைத்ததில் தீட்டு. பரிகாரமாக வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குச் சந்தனம் சார்த்தவேண்டும். இரண்டும் ஏகமனதாக நிறைவேறின. கூடவே மூன்றாவதாக ஒன்றும் நிறைவேறியது: வருகிற தைமாத முதல் திங்கட்கிழமைக்குள் தயக்கம் நீங்காவிட்டால் ஏழாம் நம்பர் தகடு பறிமுதல்.

முத்திருளன் அந்த என்ஜினை மூன்று தடவை பிரித்தான். புள்ளிக்குப் புள்ளி சரியாகவே இருந்தது. தீப்பொறி நீலமாக அடித்தது. கார்புரேட்டரை ஊதினான், கழுவினான், வெயிலில் வைத்தான். டாங்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பாட்டிலில் பெட்ரோலைக் கட்டித் தொங்கவிட்டு ஓட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். பாட்டிலில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடியது. டாங்கை மாட்டி போர்டுக்கு அனுப்பினால் கண்மாய்க் கரையில் நின்றது.

செல்லூர் சிரித்தது. தெருவில் பாவு நூல் விரித்திருந்த நெசவுக்காரர்கள் அவனைப் பார்த்தால், “அண்ணே, தயங்காம வாங்க!” என்று வழிவிட்டார்கள். பஸ் டிரைவர் அழகுமலை தன் வண்டியைக் கொட்டகை வாசலில் நிறுத்தினான். “என்ன மாப்ள, தகட்டைக் கழட்டப் போறாங்களாம்ல? எம் பஸ்ஸை உள்ள விடவா, தள்ளிக்கிட்டுப் போகவா?”

“விடுறதுன்னா விடு. இல்லைன்னா ஒங்க ஆத்தா வீட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போ.”

அழகுமலை ஆள் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய்விட்டான்.  ஒருவேளை தண்டுதான் தப்போ? முத்திருளன் தன் கையையே சந்தேகமாகப் பார்த்தான். ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவன் தன் கையைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை.

அவன் பெண்டாட்டி சீனியம்மாளுக்குப் பிறந்த ஊர் அலங்காநல்லூர். மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தவள், “எங்க அண்ணன் பிள்ளைக மூணுக்கும் இன்னும் அம்மை குத்தலையாம். அந்தப் பெட்டியை ஒரு மாட்டு வண்டியில தூக்கிப் போட்டா வேளையோட போய்ச் சேராதா?” என்றாள்.

“கேட்டேன். சர்க்குலர்ல ‘மோட்டார் மூலம்’னு இருக்காம். மாடு மோட்டாராங்கிறாரு பிச்சுமணி ஐயரு.”

“அந்தாளு மூளை மோட்டாரா?” என்றபடி, ராந்தலுக்கு ஊற்றப் புது மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்து ஓரத்தில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தாள். எண்ணெய் கொஞ்சம் வந்தது. பிறகு விக்கியது. நின்றது. மறுபடி ஒரு மடக்கு வந்தது. நின்றது.

முத்திருளன் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தான்.

“ஏன் நிக்குது?”

“ஒனக்கு மண்டையில ஒண்ணும் இல்லையா? காத்து உள்ள போனாத்தான எண்ணெய் வெளிய வரும்?” எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாள். எண்ணெய் நூல் பிடித்த மாதிரி இறங்கியது.

முத்திருளன் எழுந்து ஓடிப்போய், மறுபடியும் கொட்டகைக்கு வந்திருந்த வண்டியின் டாங்க் மூடியைப் பார்த்தான். பன்னிரண்டு வெள்ளிக்கிழமைச் சந்தனம், ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. அதற்குக் கீழே இருந்த குழி குழியே அல்ல. டாங்குக்குள் காற்றுப் போவதற்குக் கம்பெனிக்காரன் போட்டுவைத்த துவாரம்.

“அடப்பாவிகளா! வண்டிக்கு மூக்கை அடைச்சுட்டு, ஓடலை ஓடலைங்கிறான்களே!”

கெடு நாளான திங்கட்கிழமை கமிட்டி மூன்று பேரும் கொட்டகைக்கே எழுந்தருளினார்கள். முத்திருளன் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, அவர்கள் கண்முன்னே சந்தனத்தைக் குத்தி எடுத்தான். துவாரம் திறந்தது. உதைத்தான். செல்லூரை மூன்று சுற்றுச் சுற்றினான். நெசவுக்காரர்கள் பாவு நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். வண்டி ஒரு இடத்திலும் விக்கவில்லை. இறங்கி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“தண்டுல ஒரு குத்தமும் இல்லை சாமி. நீங்க வச்ச பொட்டுதான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு.”

கமிட்டியின் முகம் மாறியது. ஹாலாஸ்யம் காதைப் பொத்திக்கொண்டார். “சிவ சிவா! சந்தனத்தைக் குத்தம் சொல்றான்!”

விஸ்வேஸ்வரன் நிதானமானவர். வக்கீல் அல்லவா? மூடியைக் கையில் வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “பிச்சுமணி, இந்த ஓட்டை நம்ம சாமான் லிஸ்ட்ல இருக்கோ?”

பிச்சுமணி ஏட்டைப் புரட்டினார். “‘மூடி, ஒன்று’ன்னுதான் இருக்கு. ஓட்டையைப் பத்திப் பிரஸ்தாபமே இல்லை.”

“அப்போ போர்டுக்குத் தெரியாம போர்டு சொத்துல ஒரு ஓட்டை இருந்திருக்கு. வண்டி யார் கையில இருந்தது?”

“முத்திருளன் கையில.”

“ஓட்டை இருக்கற இடம் யாருக்குத் தெரிஞ்சிருந்தது?”

“முத்திருளனுக்கு.”

“சாமி, அது கம்பெனிக்காரன் போட்டது! சீமையிலயே போட்டது!”

“கம்பெனிக்காரனை விசாரிக்க நமக்கு அதிகாரம் இல்லை. உன்னை விசாரிக்க இருக்கு” என்றார் விஸ்வேஸ்வரன்.

ஐந்து நிமிஷத்தில் தீர்மானம் ஆயிற்று. மூன்று மாதம் ஆலோசித்த கமிட்டி ஐந்து நிமிஷத்தில் முடிவெடுத்ததைச் சரித்திரம் மறக்கக்கூடாது. ஒன்று: அனுமதியற்ற துவாரத்தை ஈயம் பற்றவைத்து நிரந்தரமாக அடைக்கவேண்டும். இரண்டு: ஏழாம் நம்பர் தகடு பறிமுதல்.

“மொதல்ல ஈயம், அப்பறம் தகடு” என்றார் பிச்சுமணி. “லைசென்ஸ் இல்லாதவன் பத்தவச்சா சட்டவிரோதம்.”

“அடைச்சா ஓடாது சாமி.”

“செய்” என்றார் விஸ்வேஸ்வரன்.

முத்திருளன் பற்றவைத்தான். வேலையில் கள்ளத்தனம் அவனுக்கு வராது. ஒரு பொட்டுக் காற்றுப் போகாதபடி அடைத்தான். தகட்டைக் கழற்ற, கூட வந்திருந்த போர்டு பியூனிடம் திருப்புளி இல்லை. அதனால் முத்திருளனே தன் திருப்புளியால் ஆணிகளை நெம்பி, தன் தகட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தான். ஹாலாஸ்யம், ஈயத்தால் அடைபட்ட மூடியின்மேல் புதுச்சந்தனம் வைத்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அரைமணியில் பிச்சுமணி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“முத்திருளா! கண்மாய்க் கரையில நின்னுடுத்து! சித்த வந்து பாரேன்!”

முத்திருளன் கதவில் தகடு இருந்த இடத்தைக் காட்டினான். நாலு ஆணி ஓட்டை இருந்தது.

“லைசென்ஸ் இல்லாதவன் தொட்டா சட்டவிரோதம்னு நீங்கதான சொன்னீங்க? நான் தொடமாட்டேன் சாமி. அந்த நாலு ஓட்டையையும் வேணா லிஸ்ட்ல எழுதிக்கங்க.”

ஆறு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் போர்டு ஆபீஸ் தாழ்வாரத்தில் நிறுத்தினார்கள். பிச்சுமணி ஃபைலின் கடைசித் தாளில், ‘துவாரம் நீக்கப்பட்டபின் வாகனத்தின் தயக்கம் அடியோடு நீங்கியது’ என்று எழுதி மூடினார். முழு உண்மை. அதற்கப்புறம் அந்த வண்டி ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. வைத்த இடத்தில் உறுதியாக நிற்கிறது.

முத்திருளன் இப்போது மாட்டு வண்டிகளுக்கு அச்சு போடுகிறான். போர்டு பக்கம் போனால் எட்டிப் பார்ப்பதுண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் பூஜை நடக்கிறது. விளக்குக்கு ஒரு பொட்டு, சக்கரங்களுக்கு இரண்டு, மூடிக்கு ஒன்று. அலங்காநல்லூர்ப் பிள்ளைகளுக்கான அம்மைப்பால் பெட்டி இன்னும் வண்டியின் பின்னாலேயே கட்டியிருக்கிறது. அதற்கும் ஒரு பொட்டு வைக்கிறார்கள்.