நாலு கால் வித்தியாசம்

ஒரு காட்டில் ஒரு கீரியும் ஒரு பாம்பும் இருந்துச்சு.

பாருங்க, அதுக்குள்ள சாஞ்சு உக்காந்துட்டீங்க. "தெரியும்யா, சண்டை போடும், கீரி ஜெயிக்கும், கடைசியில ஒத்துமையா இருக்கணும்பே"ன்னு உங்க மூஞ்சியிலயே ஓடுது. அந்தா, பின்னால ஒருத்தர் நீதியை மட்டும் கேட்டுட்டுக் கிளம்பிடலாம்னு செருப்பையே மாட்டிட்டாரு. கழட்டுங்கண்ணே. சண்டையே கிடையாது. ரெண்டும் ஒரே பெஞ்சு. ஒண்ணாப்பு.

கீரி பேரு மாயன். பாம்பு பேரு சுருளி, சாரைப்பாம்புக் குட்டி. ஸ்கூல்ல விட்ட முதல் நாள் மாயன் ஓன்னு அழுதான். சுருளிக்கும் அழணும்னு ஆசைதான், ஆனா பாம்புக்குக் கண்ணீர் எங்க வருது? பேசாம மாயன் காலைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டான். அன்னையிலேர்ந்து ஃப்ரெண்டு.

சுருளிக்கு ஒரே ஒரு ஆசை. அவங்கம்மா ஒச்சம்மா, மரச்சட்டம் போட்ட புது சிலேட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்திருந்தா. அதுல தன் பேரைத் தானே எழுதணும். டீச்சர் எப்பச் சொல்லிக் குடுத்தாலும் தயாரா இருக்கணும்னு, தினமும் காலையில வால் நுனியால துடைச்சு, அதைச் சுத்திக்கிட்டு உக்காந்திருப்பான்.

டீச்சர் ஒரு நாரை. தெய்வானை டீச்சர். நல்ல டீச்சர். அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லாட்டி டீச்சருங்க சங்கத்துலேர்ந்து ஆள் வந்துடும். முதல் நாள் சாக்பீஸை எடுத்தாங்க, போர்டு ஓரத்துல 'அ' போடறதுக்குச் சுழியை ஆரம்பிச்சாங்க. சுழி முடியல, போன் கொர்ருன்னுச்சு.

"ஆசிரியருக்கு வணக்கம். இன்று எத்தனை பிள்ளைகள் தண்ணீர் குடித்தனர்? பதினோரு மணிக்குள் பதிவேற்றவும்."

அந்தக் காட்டுல கேள்வி எங்க இருந்தாலும் வந்து சேந்துடும், பதில் ஏத்தறதுக்குத்தான் சிக்னல் ஒரே இடத்துல கிடைக்கும். குளத்துக்கு நடுவுல. ரெண்டு காலையும் ஊணி நின்னா ஒரு கோடு வரும். ஒத்தக் கால்ல நின்னா ரெண்டு கோடு வரும். நாரை ஒத்தக் கால்ல நிக்கறது மீனுக்காகன்னுதானே இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தீங்க? மீனு பாட்டுக்குக் காலை உரசிக்கிட்டுப் போவும். டீச்சர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. ஓ.டி.பி. வரணும்.

டீச்சர் அந்தச் சுழியைச் சுத்தி ஒரு கட்டம் போட்டாங்க. "இதை யாரும் அழிக்காதீங்க, வந்து முடிக்கறேன்"னாங்க. அப்புறம் முன்னாடி பெஞ்சைப் பாத்தாங்க.

"மாயா, எந்திரி. நீதான் லீடர். நான் வர்ற வரைக்கும் பேசறவங்க பேரைப் போர்டுல எழுதி வை."

"டீச்சர், எனக்கு எழுதத் தெரியாதே?"

"வந்து சொல்லித் தர்றேன்டா. அதுவரைக்கும் தெரிஞ்சதைப் போடு."

"யாருமே பேசலைன்னா?"

"ஒண்ணாப்புல யாருமே பேசலையா? அப்ப நீ கவனிக்கலைன்னு அர்த்தம். முட்டி போடணும்."

அவங்க றெக்கை வாசலைத் தாண்டல, கிளாஸ் சந்தையாயிடுச்சு. கிளி ரெட்டைங்க ஒரே விஷயத்தை மாத்தி மாத்திச் சொல்லுதுங்க. குரங்கு மூக்கையா, டீச்சர் மாதிரி ஒத்தக் கால்ல நின்னு பேசிக் காட்டறான். யானைக்குட்டி வேலுத்தாயி பின்பெஞ்சு மேல தும்பிக்கையால தண்ணி பீச்சிக்கிட்டே கதை அளக்கறா. மயில் பொண்ணு அவங்க அத்தை கல்யாணத்தைப் பொண்ணு பாத்ததுலேர்ந்து ஆரம்பிச்சுட்டா. வாயைத் திறக்காம இருந்தது ஒரே ஆளு. சிலேட்டைச் சுத்திக்கிட்டு, சுருளி.

இன்னொருத்தரும் பேசல. போர்டுக்கு மேல கடிகாரம், கடிகாரத்துக்குப் பின்னால ஒரு பல்லி. அது ஸ்டூடன்டும் கிடையாது, ஸ்டாஃபும் கிடையாது. சும்மா இருக்கும், எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும்.

மாயன் நேர்மையான பய. முதல்ல யானையைத்தான் வரைய ஆரம்பிச்சான். தும்பிக்கை முடியறதுக்குள்ள சாக்பீஸ் தீந்துபோச்சு. அடுத்த துண்டு எடுத்து மயிலை ஆரம்பிச்சான். தோகையில ஒரு கண்ணு, ரெண்டு கண்ணு, மூணு கண்ணு... ஏழாவது கண்ணுல இன்டர்வெல் பெல் அடிச்சுட்டாங்க. குரங்கை வரைஞ்சான். மூக்கையா கிட்ட வந்து தலையைச் சாய்ச்சுப் பாத்துட்டு, "டேய், இது உங்க சித்தப்பால்ல?"ன்னான். கிளாஸ் உருண்டு சிரிச்சுது. அழிச்சுட்டான். மான்குட்டியை வரைஞ்சா மேசை மாதிரி வந்துச்சு.

"மேசையாடா பேசிச்சு?"

இன்னொரு சிரிப்பு.

வெளிய றெக்கை சத்தம். டீச்சர் வந்துட்டாங்க. போர்டு காலி. மாயனுக்கு முட்டி ரெண்டும் இப்பவே வலிக்குது. அவசரத்துல இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசிக்கு ஒரு கோடு இழுத்தான். ஓடிக்கிட்டே இழுத்ததுல கோடு நெளிஞ்சு வந்துச்சு. முன்னால ரெண்டு புள்ளி வெச்சான்.

கிளாஸே கை தட்டுச்சு. "ஏய்! அச்சு அசல் சுருளிடா!"

டீச்சர் பாத்தாங்க. "சுருளி! நீயா பேசினே?"

சுருளி வாயைத் திறந்தான். "ஸ்ஸ்ஸ்..."

"பாத்தியா, இப்பகூடப் பேசறே."

டக்குன்னு போர்டை ஒரு போட்டோ. போனுக்குள்ள ஒழுக்கப் பதிவுன்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல ஏத்தணும். போன் கணீர்னு அறிவிச்சுது: "சுருளி. ஒன்று." டீச்சர் மறுபடியும் குளத்துக்குப் போயிட்டாங்க.

மத்தியானம் சத்துணவு. மாயன் தன் முட்டையை சுருளி தட்டுக்கு உருட்டி விட்டான். யாரோட முட்டைன்னு கேக்காதீங்க, அந்த ஸ்கூல்ல யாரும் கேக்கறதில்ல.

"சாரிடா. எனக்கு உன்னை மட்டும்தான் வரைய வருது."

"நாளைக்கு வேற யாரையாச்சும் போட்டுப் பாக்கறியா?"

"சத்தியமாடா."

போட்டுப் பாத்தான். மறுநாளும் தும்பிக்கையிலயே சாக்பீஸ் தீந்துச்சு.

இப்படியே ஆனி போச்சு, ஆடி போச்சு, ஆவணி வந்துச்சு. டீச்சருக்கு ஒரு நாள் கை கழுவின போட்டோ ஏத்தணும். ஒரு நாள் குடற்புழு மாத்திரைக் கணக்கு. மைனாக் குஞ்சுக்கு டிபன் பாக்ஸே புழுதான், அதை எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியாம அன்னைக்கு முழுக்கக் குளத்துலயே நின்னாங்க. அப்புறம் 'பிள்ளைகளோடு மகிழ்ச்சியாக நேரம் செலவிடுவது எப்படி'ன்னு போன்லயே பன்னெண்டு நாள் பயிற்சி. அந்தப் பன்னெண்டு நாளும் பிள்ளைங்க டீச்சரைப் பாக்கவே இல்ல.

போர்டு ஓரத்துல சுழி, கட்டத்துக்குள்ள, பத்திரமா இருந்துச்சு.

சுருளி கணக்கு மட்டும் ஏறுச்சு. அம்பதைத் தொட்டா என்ன ஆகும்னு ரூல் இருக்கு. அம்பது தடவை பேசின பிள்ளை ஒண்ணாப்புக்குப் பக்குவப்படலை, திரும்பவும் பால்வாடிக்கு அனுப்பணும். அந்தக் காட்டுப் பால்வாடியில இருக்கறது பூரா பொரியாத முட்டைங்க. அதுங்க நடுவுல கையைக் கட்டிக்கிட்டு ஒரு வருஷம் உக்காரணும். பாம்பைக் கொண்டுபோய் முட்டைங்களோட உக்கார வைக்கலாமான்னு யாரும் யோசிக்கல. ரூலுக்கு அந்தப் பழக்கம் இல்ல. இன்னொண்ணு, பால்வாடிக்கு சிலேட்டு கொண்டுபோகக் கூடாது. முட்டை மேல இடிச்சுடும்.

அதைக் கேட்டதுலேர்ந்து சுருளிக்குச் சோறு இறங்கல. மாயன் முட்டைகூட இறங்கல.

நாப்பத்தொன்பது வந்த அன்னைக்கு ஒச்சம்மாவைக் கூப்பிட்டு விட்டாங்க. ஹெட்மாஸ்டர் காட்டெருமை கிளாஸுக்கு வந்தாரு, மூணு நாற்காலியை ஒண்ணாச் சேத்துப் போட்டு உக்காந்தாரு.

"உங்க பையன் ரொம்பப் பேசறாம்மா."

"சார், எங்க வம்சத்துலயே பேசினவங்க கிடையாது சார். கோவம் வந்தா சீறுவோம், அதோட சரி. இவன்கிட்ட பசிக்குதாடான்னு கேட்டா வாலைத்தான் ஆட்டுவான்."

"ரெக்கார்டு பேசுதேம்மா. நாப்பத்தொன்பது போட்டோ. எல்லாத்துலயும் உங்க பையன்."

"மத்த பிள்ளைங்க, சார்?"

ஹெட்மாஸ்டர் போனைத் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. "மத்த பிள்ளைங்க யாரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல. அந்தக் கிளி ரெட்டைங்களைப் பாருங்க. போன வாரம்தான் மௌனத்துக்கு மெடல் குடுத்தோம்."

"மெடல் குடுத்தோம்! மெடல் குடுத்தோம்!"

"என்ன ஒரு அடக்கம்"னு ஹெட்மாஸ்டர் பூரிச்சுப் போனாரு. அப்புறம் கொம்பைச் சொறிஞ்சுக்கிட்டு, "எனக்கு விஷயம் பிடிபட்டுடுச்சு டீச்சர். எழுதற லீடர் யாரு? கீரி. இவன் யாரு? பாம்பு. இது பரம்பரைப் பகை"ன்னாரு.

தெய்வானை டீச்சர் குளத்துத் தண்ணி சொட்டச் சொட்ட நின்னுட்டிருந்தாங்க. அவங்களுக்கு ஒரு நிம்மதி. பரம்பரைப் பகைன்னா, அவங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இருந்த பிரச்சினைல்ல?

"நானும் அதான் சார் நெனச்சேன்."

மேலேர்ந்து பல்லி, "ச்சு, ச்சு"ன்னுச்சு.

"பாத்தீங்களா! பல்லியே சொல்லிடுச்சு!" எல்லாரும் விரலை மடக்கித் தரையில ரெண்டு தட்டு தட்டிக்கிட்டாங்க. ஒச்சம்மா வாலால தட்டினா.

"ரெண்டு பேரும் கட்டிப் பிடிங்கடா. பகை ஒழிப்புன்னு ஒரு பக்கம் இருக்கு, போட்டோ ஏத்தணும்."

சுருளியும் மாயனும் முழிச்சாங்க. தினம் பண்றதுதானே? கட்டிப் பிடிச்சாங்க.

"இன்னும் இறுக்கமா. பகை ஒழியற மாதிரி தெரியணும்ல... ஆங், ஒழிஞ்சுது." ஹெட்மாஸ்டர் எந்திரிச்சாரு. மூணு நாற்காலியும் கூடவே எந்திரிச்சுது. "இப்பப் பகை இல்ல. இனிமே சுருளி போர்டுல வந்தா, பகை இல்லாம வந்ததுன்னு ஆயிடும். பகை இல்லாம வந்தா அது உண்மை. உண்மைன்னா பால்வாடி. தம்பி, சிலேட்டை இங்கயே வெச்சுட்டுப் போகணும், தெரியும்ல?"

சுருளி சிலேட்டை இறுக்கின இறுக்குல சட்டம் கிரீச்சுன்னுச்சு.

"ச்சு, ச்சு, ச்சு!"

"மூணு தடவை! சுத்தமான வாக்கு!"

"யோவ், வாக்கா?"ன்னு மேலேர்ந்து ஒரு கத்தல். "தலையில அடிச்சுக்கறேன்யா! கையை எடுத்தா சுவத்துலேர்ந்து விழுந்துடுவேன்னு வாயால அடிச்சுக்கறேன்! பகையாம் பகை! அந்தப் பயலுக்கு எழுதத் தெரியல, அதனால படம் போடறான். படத்துல அவனுக்குப் பாம்புதான் வருது. ஏன் எழுதத் தெரியல? ஸ்கூல் திறந்ததுலேர்ந்து இந்தக் கிளாஸ்ல ஒரு எழுத்து நடத்தலையே! அந்தா, போர்டு ஓரத்துல பாரு. 'அ'வுக்குப் போட்ட சுழி. ஆனி மாசத்துச் சுழி!"

கிளிங்ககூடத் திருப்பிச் சொல்லல.

டீச்சர் சுழியைப் பாத்தாங்க. அலகு ஆடுச்சு. "நடத்தணும்னுதான் தினம்..." றெக்கைக்குள்ள போன் கொர்ருன்னுச்சு.

ஹெட்மாஸ்டர் நிதானமாக் கேட்டாரு. "கிளாஸ்ல யாரோ பேசின மாதிரி இருந்துச்சே? லீடர், பேசினவங்க பேரைப் போடு."

மாயன் சாக்பீஸை எடுத்தான். போர்டு முன்னால நின்னான். இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசிக்கு ஒரு கோடு இழுத்தான். நெளிநெளியா.

"ஐயோ, எம்புள்ள"ன்னா ஒச்சம்மா.

சுருளிக்குக் கண்ணை மூடிக்கணும்னு இருந்துச்சு. பாம்புக்கு இமை ஏது? முழுசையும் பாத்துத் தொலைக்கணும். மாயன் முன்னால ஒரு புள்ளி வெச்சான். ரெண்டாவது புள்ளியும் வெச்சான். திரும்பி சுருளியை ஒரு பார்வை பாத்தான். அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டு, கோட்டுக்குக் கீழ சின்னதா ஒரு கால் போட்டான். இன்னொரு கால். மேல ஒண்ணு. மேல இன்னொண்ணு.

கிளாஸே கை தட்டுச்சு. "ஏய்! அச்சு அசல் பல்லிடா!"

"வெரி குட்"ன்னாரு ஹெட்மாஸ்டர். டீச்சர் போட்டோ எடுத்தாங்க. "பல்லி. ஒன்று"ன்னுச்சு போன். டீச்சர் வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு சுழியைத் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் குளத்துக்குக் கிளம்பிட்டாங்க, நாலு மணிக்குள்ள ஏத்தணும்.

மாயன் ஓடி வந்து சுருளி பக்கத்துல உக்காந்தான். மூஞ்சியெல்லாம் சாக்பீஸ் தூள், சிரிப்பு. "டேய், எனக்கு இப்ப ரெண்டு படம் தெரியும்டா!"

சுருளி கடிகாரத்தைப் பாத்தான். பல்லி சத்தம் காட்டாம ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. 'சார், பல்லி சொன்னது நிஜம்தான் சார்'னு சொல்லணும்போல இருந்துச்சு. வாயைக்கூடத் திறந்துட்டான். அப்பத்தான் போர்டைப் பாத்தான். அவனுக்கும் அந்தப் படத்துக்கும் நாலு கால்தான் வித்தியாசம். அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வாயை மூடிக்கிட்டான். வால் நுனியால சிலேட்டைத் துடைச்சான். அது ஏற்கெனவே சுத்தமாத்தான் இருந்துச்சு.

அன்னைக்குத்தான் ஒண்ணாப்புல முதல் பாடம் நடந்துச்சு.

நீதி: உண்மையைப் பேசலாம், தப்பே இல்ல. ஆனா அதுக்கு முன்னால கண்ணாடியில பாத்து, நம்மளை வரைய எத்தனை சாக்பீஸ் ஆகும்னு எண்ணிக்கணும். ஒண்ணே போதும்னா வாயை மூடிக்கணும்.