தலைவருக்கு வந்த பத்தியம்

"தினம் ஒரு கிண்ணம் பீன்ஸ் கொட்டை" என்று டாக்டர் ஓர்ட்டிஸ் சொன்னதும் டெல்பர்ட் க்ராவுஸ் கட்டிலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கொழுப்பு இறங்கும், சர்க்கரை அடங்கும், குடல் சீராகும் என்று அந்த அம்மாள் அடுக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"வேற வழி கிடையாதா? சின்னதா ஒரு ஆபரேஷன் மாதிரி?"

"இதுதான். இல்லேன்னா அடுத்த வருஷம் சில்லிச் சமையல் போட்டிக்கு உங்க மனைவி தனியாத்தான் வருவாங்க."

டெக்ஸாஸில் சில்லி என்கிற குழம்பு என்றால் மாட்டிறைச்சியும் மிளகாயும்தான். அதில் பீன்ஸ் போடுகிறவன் வெளியூர்க்காரன். இந்தத் தத்துவத்தைக் காக்கவென்றே ஊரில் ஒரு சங்கம். அதன் தலைவர் டெல்பர்ட். அந்தப் பதவி போனால் அவரிடம் மிஞ்சுவது முழங்கால் வலி மட்டும்.

உள்ளூர்க் கடையில் வாங்க முடியாது. கல்லாவில் இருப்பது துணைத்தலைவர் ராய்ஸின் பெண்டாட்டி. ஆகவே பக்கத்து ஊரில் டப்பா பீன்ஸ் வாங்கி, வண்டியை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி, சூடுகூடப் பண்ணாமல் தின்றார். கொழுப்பு இறங்கியதோ இல்லையோ, வயிறு பேச ஆரம்பித்தது.

"நாய் மேல பழியப் போடாத டெல்பர்ட்," என்றாள் மனைவி லவோன். "அது காலையிலேர்ந்து வெளியிலதான் கெடக்கு."

சங்கக் கூட்டத்தில் நாயும் இல்லை. தலைவரின் நாற்காலிப் பக்கமிருந்து வந்த சத்தத்துக்கு ராய்ஸ் நிமிர்ந்து பார்த்தார். அதை மூடி மறைக்க டெல்பர்ட் எழுந்து, பீன்ஸ் என்பது நம் முன்னோர் கல்லறை மேல் எறியப்படும் கல் என்று முழங்கினார். முழங்கிய வேகத்தில், சில்லியில் மட்டுமல்ல, வீட்டில் தனியாகத் தின்றாலும் உறுப்பினர் நீக்கம் என்று தீர்மானமும் கொண்டுவந்தார். ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். ராய்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், குப்பைத் தொட்டிகளில் காலி டப்பா இருக்கிறதா என்று பார்க்கக் குழுவே அமைத்துவிட்டார்.

டப்பாவுக்கும் வழி அடைபட்டது. மறுநாள் டெல்பர்ட், தன்னை யாருக்கும் தெரியாத தொலைவுக்கு வண்டியை ஓட்டிப்போய், சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் தலையைக் குனிந்தபடி நுழைந்தார். சட்டையில் குத்தியிருந்த சங்கத்துச் சின்னத்தைக் கழற்ற மறந்திருந்தார்.

பரிமாறுகிற பெண் அதைப் பார்த்துவிட்டு, அவர் வாயைத் திறக்குமுன் காதருகே குனிந்தாள்.

"பின்னறைக்குப் போங்க சார், உங்க ஆளுங்க மொத்தமும் அங்கதான் பீன்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. தலைவர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாதாம், பாவம், மனசு ஒடஞ்சிடுவாராம்."