மேமோகிராமுக்குப் பவுடர் பூசிப் போனவள்

கணக்கு டீச்சர் பொய் சொல்ல மாட்டார் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் நான் மண்ணள்ளிப் போட்ட கதை இது. பொய் சொன்னபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. இடுப்புக்கு மேலே துணி இல்லை. ஒரு கை தலைக்கு மேலே இருந்தது. இந்தக் கோலத்தில் பொய் சொன்ன கணக்கு டீச்சர், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஏழு வருடங்களுக்கு முன்னால் எங்கள் பிரின்சிபால், நாற்பது தாண்டிய டீச்சர்கள் எல்லோருக்கும் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்க ஒரு ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்தார். ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்கள். "பரிசோதனை அன்று பவுடர், சென்ட் எதுவும் பூச வேண்டாம்" என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. படித்தேன். இரண்டு தடவை படித்தேன். குளிக்காமல் பவுடரைப் பூசிச் சமாளிக்கிறவர்களுக்காகப் போட்டிருக்கிறார்கள், நமக்கில்லை என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். (கேள்வித்தாளை ஒழுங்காகப் படி என்று வகுப்பில் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்தான்.)

தப்பில் பாதி எங்கள் வீட்டு வழக்கத்தைச் சேரும். நான் கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பாறைத் தூசி நுரையீரலில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு அவ்வப்போது நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். அன்றைக்கு அம்மா அப்பாவை உட்கார வைத்து முதுகு தேய்த்துக் குளிப்பாட்டி, நெஞ்சு, முதுகு, அக்குள் என்று ஓர் இடம் விடாமல் பவுடரைக் கொட்டித்தான் அனுப்புவார். "மைன்ஸ்காரன்னா அழுக்குப் பையன்னு அந்த டாக்டரு நெனச்சிடக் கூடாது" என்பார். எக்ஸ்ரே என்றால் பவுடர் உண்டு என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நானும் அக்காவும்.

அதனால் மேமோகிராம் அன்று அரை டப்பா காலி. யாரோ ஒரு பெண் முன்னால் கையைத் தூக்கி நிற்க வேண்டுமே, மானம் என்ன ஆவது! வீடு இருக்கிற ஈஜிபுராவிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேருவதற்குள் வழியெல்லாம் நெரிசல், வெயில், வியர்வை. ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் அறையில் பார்த்தால் அக்குளில் பவுடர் குழைந்து இட்லி மாவு பதத்தில் இருக்கிறது. வெளியே தெரிந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன்.

மெஷின் அறையில் பாவனா என்றொரு பெண். எங்கள் பள்ளியிலிருந்து மட்டும் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றதால் அவசரமாக இருந்தாள். "மேடம், பவுடர், சென்ட் ஏனாதரூ ஹாக்கிதீரா?" என்று, ஏதாவது பூசியிருக்கிறேனா எனக் கன்னடத்தில் கேட்டாள். உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் திரைக்குப் பின்னால் சயின்ஸ் டீச்சர் காத்திருக்கிறாள். சீட்டைப் படிக்கத் தெரியாத கணக்கு டீச்சர் என்று ஸ்டாஃப் ரூமில் பேர் வாங்கவா?

"இல்லா, ஏனூ ஹாக்கில்லா" என்றேன், சுத்தமான கன்னடத்தில்.

அப்புறம் அந்தத் தட்டுகள் இரண்டும் வந்து அழுத்தின. வலி என்றால் வலிதான், ஆனால் ஒன்றிலிருந்து பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடுகிறது. (நான் பொய் சொன்ன பயத்தில் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்.) வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மறந்தும் போனேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "மேடம், படத்துல சின்னச் சின்னதா வெள்ளைப் புள்ளி தெரியுதாம். டாக்டர் இன்னொரு தடவ எடுத்துப் பாக்கணும்னாங்க. வியாழக்கிழமை வர்றீங்களா?"

வெள்ளைப் புள்ளி. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சாதாரணமாகச் சொல்ல மாட்டோம். அப்பாவின் கடைசி எக்ஸ்ரேயை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன. அதற்கப்புறம் நான்கு வருடம், அப்பா மூச்சுக்குத் திணறியதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பவுடர் பூசினது என் நினைவுக்கே வரவில்லை. எனக்கு முடிவு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் சாலமன் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவரைச் சமையலறையில் நிறுத்தி, நான் போன பிறகு குடும்பம் எப்படி நடக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தேன். அவர் பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். மிளகாய்த்தூள் மேல் தட்டு இடது பக்கம், சீரகம் நடுவில், பெரிய மகளுக்குக் கத்தரிக்காய் ஆகாது. "மறுகல்யாணம்னா எங்க ஸ்கூல் பாட்டு டீச்சரைப் பாருங்க. குணம் தங்கம். ரசம் மட்டும் வைக்க வராது" என்று பெருந்தன்மையின் உச்சத்தைத் தொட்டேன். பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தால் மனுஷன் நோட்டின் மேலேயே கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். "எனக்கு எந்த ரசமும் வேணாம் எஸ்தர்" என்றார். அதற்கு மேல் என்னாலும் நடிக்க முடியவில்லை. இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதோம்.

அக்கா ரூத்துக்குப் போன் செய்தேன். அவள் இன்னும் தங்கவயலில்தான் இருக்கிறாள். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வந்து ஒரு கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவள். "அழாத. லீவு போட்டுட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். வியாழக்கிழமை ரயில் இறங்கி, முகம்கூடக் கழுவாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? சாகப்போகிறவள் லட்சணமாகப் போக வேண்டும் என்று மீதி அரை டப்பாவையும் பூசிக்கொண்டு போயிருந்தேன்.

இந்தத் தடவை பாவனாவுக்கு அவசரம் இல்லை. கையைத் தூக்கச் சொன்னாள். பார்த்தாள். குனிந்து மோந்தாள். ஈரத் துணியை எடுத்து என் அக்குளில் ஒரு இழு இழுத்து, அதை என் கண் முன்னால் பிடித்தாள்.

"மேடம், இது என்ன?"

"பவுடர்மா."

"அன்னைக்கும் போட்டிருந்தீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஹோம்வொர்க் செய்யாத பிள்ளைகளை இருபது வருடம் நிற்க வைத்த பாவத்துக்கு அன்று மொத்தமாக நின்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள். முதலில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் சிரித்தாள் பாருங்கள், நாற்காலி நகர்ந்தது, ஒரு நர்ஸ் ஓடிவந்து "யாருக்காவது மயக்கமா?" என்று கேட்டாள்.

என்னைத் துடைத்து, மறுபடி துடைத்து, படம் எடுத்தார்கள். புள்ளி எதுவும் இல்லை. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "திரும்பக் கூப்பிட்டாலே கேன்சர்னு அர்த்தமில்ல. சரியா பாக்கணும்னு அர்த்தம். ஆனா பவுடரும் படத்துல வெள்ளைப் புள்ளியாத்தான் விழும். பூசுனா எங்களுக்கும் குழப்பம், உங்களுக்கும் தண்டனை." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க எடுத்திருக்கீங்களா?"

"எனக்கு இன்னா டாக்டர்? வலி இல்ல, கட்டி இல்ல, கல்லு மாதிரி இருக்கேன்."

"வலி வந்த பிறகு எடுக்கறது இல்லம்மா இது. நல்லா இருக்கும்போதே, விடாம அப்பப்போ வந்து எடுக்கணும். கைக்குத் தெரியாதது படத்துல தெரியும்."

சாதாரண நாளாக இருந்தால் அக்கா கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பாள். அன்று என்னைச் சீண்டுகிற உற்சாகத்தில் இருந்தாள். "சரி, எடுங்க. நான் என் தங்கச்சி மாதிரி இல்ல, மூஞ்சே கழுவாம வந்திருக்கேன். சுத்தமா இருக்கும் படம்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவளையும் திரும்பக் கூப்பிட்டார்கள். மறுபடி எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். அவளுடையது பவுடர் இல்லை. மிளகளவுக் கட்டி. எந்தக் கையிலும் அகப்பட்டிருக்காது என்றார் டாக்டரம்மா. சின்ன ஆபரேஷன், சில வாரங்கள் ரேடியேஷன், தினமும் மாத்திரை. அந்த நாட்களில் ஈஜிபுரா வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் அவளுக்குத் துணை போனேன். எனக்காக அழுததைவிட அவளுக்காக நான் அதிகம் அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். இன்று அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பழையபடி ரயிலேறி வேலைக்குப் போகிறாள். டாக்டர் சொல்கிற தேதியில் இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் என் மானம் மட்டும் திரும்பவில்லை. ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம், கிறிஸ்துமஸ் என்று நாலு பேர் கூடினால் போதும், அக்கா இந்தக் கதையைக் கையைத் தூக்கி நடித்தே காட்டுவாள். தன்னுடைய பங்கைக் கடைசியில் ஒரே வரியில் சொல்லி முடிப்பாள். வீட்டோடு போகட்டும் என்று விட்டிருந்தேன். ரயிலில் பெண்கள் பெட்டியிலும் தினமும் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை நாங்கள் படம் எடுக்கப் போனபோது, அக்கா கூடவே அவள் பெட்டியிலிருந்து மூன்று பேரைக் கூட்டி வந்திருந்தாள். முதல் தடவை என்பதால் மூவருக்கும் முகம் வெளிறிப்போயிருந்தது. அதில் ஒரு பெண் என்னையே ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பயத்தையும் மீறி மெல்லச் சிரித்தாள்.

"ரூத்தக்கா சொல்ற அந்த டீச்சர் நீங்கதானா?"

இத்தனை வருடமாக இந்தக் கேள்விக்கு ஓடி ஒளிந்தவள் நான். அன்று நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சில்லிட்டிருந்த அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆமாம்மா. நான்தான்."